என்ஜினில் 150, சக்கரத்தில் 127: இடையில் போன குதிரைகள் எங்கே?

ஒரு காரை, திறனை அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றிச் சோதிப்பதை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டும் தரையோடு பதித்த பெரிய இரும்பு உருளையின் மேல் நின்றன. கார் பாய்ந்துவிடாதபடி பட்டைகளால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஓட்டியவர் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தார். உருளை உறுமி எழுந்து, பத்து விநாடிகளில் எல்லாம் முடிந்து அடங்கியது. திரையில் வந்த எண் 127. அந்தக் காருக்கு அதன் தயாரிப்பாளர் அச்சிட்டிருந்த எண்ணோ 150 குதிரைத்திறன். உரிமையாளரின் முகம் சுருங்கிவிட்டது. "என்ஜினில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டார்.

கோளாறு எதுவும் இல்லை. 150 என்பது என்ஜினின் கிராங்க்ஷாஃப்ட் முனையில், அதாவது திறன் வெளியே வரும் முதன்மைத் தண்டின் முனையில், அளந்த எண். 127 என்பது சக்கரம் உருளையைத் தொடும் இடத்தில் அளந்த எண். இரண்டுக்கும் நடுவே கிளட்ச், கியர்பாக்ஸ், நீண்ட புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்சில், டயர் என்று ஒரு வரிசையே இருக்கிறது. இந்த வரிசைக்குத்தான் டிரைவ்டிரெயின் என்று பெயர். கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் முழுவதும் வயலுக்குப் போய்ச் சேராது, வாய்க்கால் கொஞ்சம் குடிக்கும். அதுபோல டிரைவ்டிரெயினும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

இந்த அளவில் பலருக்கும் தெரியும். அடுத்த கேள்வியில்தான் தவறு நுழைகிறது: எவ்வளவு எடுத்துக்கொள்கிறது? "பதினைந்து சதவீதம்" என்று உடனே பதில் வரும். முன்சக்கர இயக்கம் என்றால் இவ்வளவு, நான்கு சக்கர இயக்கம் என்றால் இவ்வளவு என்று மனப்பாடமாகச் சொல்பவர்களும் உண்டு. அந்த எண்களை நான் நம்புவதில்லை. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் குதிரைத்திறன் என்றால் என்ன

திறன் என்பது வேலை நடக்கும் வேகம். ஜேம்ஸ் வாட் தன் நீராவி என்ஜின்களைக் குதிரைகளோடு ஒப்பிட்டுக் காட்ட வகுத்த அளவு இது. இன்றைய கணக்கில் ஒரு குதிரைத்திறன் 745.7 வாட். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் பி.எஸ். என்று அச்சிடும் மெட்ரிக் குதிரைத்திறன் சற்றுச் சிறியது, 735.5 வாட். 150 பி.எஸ். என்பது ஏறக்குறைய 148 குதிரைத்திறன்தான். கையேட்டு எண்ணையும் டைனோ எண்ணையும் ஒப்பிடும் முன் அலகு ஒன்றுதானா என்று பாருங்கள். இதைக் கவனிக்காமலே இரண்டு குதிரைகளைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

சுழலும் தண்டு ஒன்றில் திறனைத் தீர்மானிப்பவை இரண்டு: எவ்வளவு பலமாகத் திருப்புகிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது. முதலாவது முறுக்குவிசை. அதை நியூட்டன் மீட்டரில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்ணால் பெருக்கி, 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 200 நியூட்டன் மீட்டர் தரும் என்ஜின் 6,000 சுற்றில் ஓடினால் சுமார் 125.7 கிலோவாட், அதாவது 168 குதிரைத்திறன் அளவு.

இங்கே புதியவர்கள் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். கியர் முறுக்குவிசையைப் பெருக்குகிறதே, அப்படியானால் சக்கரத்தில் திறன் கூடத்தானே வேண்டும்? கியர் கூட்டுவது முறுக்குவிசையை மட்டும்; அதற்கு ஈடாகச் சுழல் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. மொத்த கியர் விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். 200 நியூட்டன் மீட்டர் 800 ஆகும், 6,000 சுற்று 1,500 ஆகும். பெருக்கிப் பாருங்கள், அதே 125.7 கிலோவாட். பல்சக்கரங்கள் முழுக்கக் குறையற்றவையாக இருந்தால் திறன் ஒரு துளியும் கூடாது, ஒரு துளியும் குறையாது.

உண்மையில் குறைகிறது. எதில் குறைகிறது என்று கேட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் முழுவதும் பிடிபட்டது. சுழல் வேகத்தில் குறையவே முடியாது. பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. என்ஜின் நான்கு சுற்று சுற்றினால் சக்கரம் சரியாக ஒரு சுற்று சுற்றியே ஆக வேண்டும். எனவே இழப்பு முழுவதும் முறுக்குவிசையிலிருந்துதான் கழிகிறது. 800 வரவேண்டிய இடத்தில் 700 சொச்சம் வந்து சேரும். வேகமே நழுவும் இடங்கள் வழக்கமாக இரண்டு மட்டும். ஒன்று, ஆட்டோமேட்டிக் கார்களில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர். அதற்குள் ஆயில்தான் திறனைக் கடத்துகிறது, பூட்டிக்கொள்ளாத நிலையில் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மெதுவாகவே சுழலும். மற்றொன்று, உருளையின் மேல் சறுக்கும் டயர். தேய்ந்துபோன கிளட்ச் நழுவினால் அது மூன்றாவது இடம்; ஆனால் அது பழுது, இழப்புக் கணக்கில் சேராது.

என்ஜின் எண்ணே மாறிய கதை

கையேட்டில் அச்சிடும் எண்ணை எப்படி எடுக்கிறார்கள்? என்ஜினைக் காரிலிருந்து தனியாக ஒரு மேடையில் பொருத்தி, கிராங்க்ஷாஃப்டோடு நேராக ஓர் அளவுக் கருவியை இணைத்து ஓட்டுகிறார்கள். கியர்பாக்ஸ் கிடையாது, டயர் கிடையாது. அமெரிக்காவில் 1971 வரை இதிலும் ஒரு சலுகை இருந்தது. காற்று வடிகட்டி, சைலன்சர், ஆல்டர்னேட்டர் சுமை போன்றவற்றைக் கழற்றிவிட்டு, என்ஜின் மூச்சு முட்டாமல் ஓடும்போது கிடைத்த எண்ணையே விளம்பரத்தில் போட்டார்கள். அது மொத்தத் திறன். 1972 முதல் காரில் இருப்பதுபோல எல்லா உறுப்புகளோடும் அளந்த நிகரத் திறனுக்கு மாறினார்கள். செவர்லே கார்வெட்டின் அடிப்படை என்ஜின் 1971-ல் 270 குதிரைத்திறன் என்றும் 1972-ல் 200 என்றும் அச்சானது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது. அந்தக் காலத்துக் கார் ஒன்றை இன்று சக்கர டைனோவில் ஏற்றி, "பாதிக்குப் பாதி இழப்பு" என்று யாராவது சொன்னால், டிரைவ்டிரெயின்மேல் பழி போடும் முன் கையேட்டின் ஆண்டைப் பாருங்கள்.

திறனின் பின்னாலேயே நடந்து போவோம்

இப்போது கிராங்க்ஷாஃப்ட் முனையிலிருந்து கிளம்புவோம். முன்பக்கம் என்ஜின் இருந்து, பின்சக்கரங்கள் ஓடும் காரை எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் எல்லா உறுப்புகளும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும்.

முழுக்கப் பிடித்த கிளட்சில் இழப்பே இல்லை. இரண்டு தட்டுகள் ஒன்றாகச் சுழல்கின்றன, அவ்வளவுதான்.

கியர்பாக்சில் கதை தொடங்குகிறது. சாய்ந்த பற்கள் கொண்ட ஹெலிகல் கியர் ஜோடி ஒன்று நன்றாக உயவிட்ட நிலையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை தின்னும். காரின் நீளவாக்கில் பொருத்திய பல ஐந்து கியர் பெட்டிகளில் நான்காவது கியர் 1:1. உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்கின்றன, எந்தப் பல்லும் சுமை தாங்குவதில்லை. டைனோவில் நான்காவது கியரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இதுதான். ஆனால் சுமை தாங்காத கியர்களும் சும்மா இருப்பதில்லை. பக்கத்துத் தண்டும் அதன் கியர்களும் ஆயிலுக்குள் சுழன்றுகொண்டேதான் இருக்கின்றன, ஆயிலைக் கடைந்தபடி. குளிர்ந்த கியர் ஆயில் எவ்வளவு கெட்டியானது என்பது அதை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நூல்போல இழுத்துக்கொண்டு இறங்கும். அதற்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுவதற்குத் திறன் தேவைப்படாமல் இருக்குமா?

புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயிண்டுகளில் சிறிது போகும். அதிகம் நிற்காமல் கடந்துவிடலாம்.

பின் டிஃபரன்ஷியலில் நிற்க வேண்டும். காரின் நீளவாக்கில் வரும் சுழற்சி இங்கே குறுக்காகத் திரும்பிச் சக்கரங்களுக்குப் போகிறது. சிறிய பினியன் பெரிய கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. இந்த ஜோடியில் ஒரு நுட்பம் உண்டு. பினியனின் மையக்கோடு கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இருக்காது, சற்றுக் கீழே தள்ளி இருக்கும். இதனால் தண்டு தாழ்வாகப் போகும், காருக்குள் தரை மேடு குறையும். பற்கள் பலமாகவும் சத்தமில்லாமலும் ஓடும். ஹைப்பாய்டு என்று பெயர். இந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. சாதாரண கியரில் பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விலகும். ஹைப்பாய்டில் பல்லின் நீளத்துக்கும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு சறுக்கும். கடும் அழுத்தத்தில் சறுக்குவதால்தான் அதற்கென்று தனி ஆயில் ஊற்றுகிறார்கள். திறனில் சுமார் நான்கைந்து சதவீதம் இந்த ஓர் இடத்திலேயே போகலாம்.

என்ஜினைக் குறுக்காகப் பொருத்தி முன்சக்கரங்களை ஓட்டும் கார்களில் சுழற்சி எங்கும் குறுக்காகத் திரும்ப வேண்டியதில்லை. ஹைப்பாய்டு இல்லை, ஹெலிகல் கியர்களே போதும். அதனால்தான் அவற்றில் இழப்பு குறைவு. நான்கு சக்கர இயக்கம் என்றால் திறனைப் பிரிக்கும் பெட்டி ஒன்று, இரண்டாவது டிஃபரன்ஷியல், இன்னும் சில தண்டுகள், சில பேரிங்குகள், சில ஆயில் சீல்கள் கூடுகின்றன. இழப்பும் கூடுகிறது.

கடைசியில் டயர். இது டிரைவ்டிரெயினில் சேருமா என்று கேட்டால் கண்டிப்பானவர்கள் இல்லை என்பார்கள். ஆனால் உருளையில் அளக்கும்போது டயரின் இழப்பும் அந்த எண்ணில் சேர்ந்தே வருகிறது. ரப்பர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்கி, விலகியதும் மீண்டும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை, மீதி வெப்பமாகிறது. தட்டையான சாலையைவிட வளைந்த உருளை டயரைக் கூர்மையாக நசுக்கும். உருளை சிறியதாக இருந்தால் இன்னும் மோசம். பட்டையை இறுக்க இறுக்க டயர்மேல் பாரம் கூடும், எண் குறையும். ஒரே காரில், ஒரே நாளில், பட்டையின் இறுக்கத்தையும் டயரின் காற்றழுத்தத்தையும் மாற்றி எண்ணை நகர்த்த முடியும். என்ஜினில் எதையும் தொட வேண்டாம்.

உள்ளங்கையில் ஒரு சோதனை

பதினைந்து சதவீதக் கணக்குக்கு இப்போது வருகிறேன். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேயுங்கள். சூடேறும். அதே வேகத்தில் அழுத்தித் தேயுங்கள், சூடு கூடும். பற்களுக்கிடையே நடப்பது இதுதான்: எவ்வளவு பலமாக அழுத்துகின்றனவோ, அதாவது எவ்வளவு முறுக்குவிசை கடந்து போகிறதோ, அதற்கேற்ப உராய்வு கூடுகிறது. இது சுமையைப் பொறுத்த இழப்பு.

இனி ஒரு வாளித் தண்ணீரில் கையை விட்டு வட்டமாகச் சுழற்றுங்கள். மெதுவாகச் சுழற்றினால் ஒன்றும் தெரியாது. வேகமாகச் சுழற்றினால் கை கனக்கும். இங்கே நீங்கள் எந்தச் சுமையையும் தூக்கவில்லை; வேகம் மட்டும்தான் காரணம். கியர்பாக்ஸ் ஆயிலைக் கடைவது, ஆயில் சீல் தண்டைத் தேய்ப்பது, பேரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்திருக்கும் அழுத்தம், டயர் உருள்வது ஆகிய எல்லாமே பெருமளவு இந்த வகை. என்ஜின் 150 குதிரைத்திறன் தந்தாலும் 300 தந்தாலும், அதே சுற்றில் ஓடினால் இவை ஏறக்குறைய அதே அளவுதான் எடுக்கும்.

முதல் வகை சதவீதம்போல நடந்துகொள்கிறது. இரண்டாவது வகை நிலையான கட்டணம்போல நடந்துகொள்கிறது. மொத்த இழப்பு இரண்டின் கூட்டு. அதை ஒரே சதவீதமாகச் சொன்னால் கணக்கு எங்கே தவறும் என்பதை எண்களிலேயே பார்ப்போம். புரிவதற்காக நானே எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை: வேகத்தைப் பொறுத்த இழப்பு 10 குதிரைத்திறன், சுமையைப் பொறுத்த இழப்பு 7 சதவீதம்.

150 குதிரைத்திறன் என்ஜினில் இழப்பு 10-ம் 10.5-ம் சேர்ந்து 20.5. சக்கரத்தில் 129.5. சதவீதமாகப் பார்த்தால் சுமார் 13.7. இப்போது அதே காரில் டர்போ பொருத்தி, அதே சுற்றில் 300 குதிரைத்திறன் எடுக்கிறார்கள். இழப்பு 10-ம் 21-ம் சேர்ந்து 31. சக்கரத்தில் 269. இப்போது சதவீதம் 10.3 மட்டும். கியர்பாக்ஸ் அதேதான், டிஃபரன்ஷியல் அதேதான், சதவீதம் இறங்கிவிட்டது. இதை அறியாதவர் பழைய 13.7 சதவீதத்தைப் போட்டு, 269-லிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் என்ஜினில் 312 என்று வரும். அந்தப் பன்னிரண்டு குதிரைகள் காகிதத்தில் மட்டுமே ஓடும்.

என்ஜின் குறைந்த திறனில் ஓடும்போது இதே விஷயம் தலைகீழாக நடக்கிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும் கார் என்ஜினின் முழுத்திறனில் ஒரு சிறு பங்கைத்தான் கேட்கிறது. நிலையான கட்டணம் அந்தச் சிறு தொகையிலிருந்து கழிகிறது. ஆகவே சதவீதமாகப் பார்த்தால் இழப்பு அங்கேதான் பெரிது. தயாரிப்பாளர்கள் கியர் ஆயிலை மெலிதாக்கிக்கொண்டே வருவது டைனோ எண்ணுக்காக இல்லை, இந்த இடத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான்.

"திறன் இரட்டிப்பானால் இழப்பும் இரட்டிப்பாகும்" என்பதைச் சந்தேகிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. தொலைந்த திறன் எங்கும் மறைந்துவிட முடியாது. பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளிப்பட வேண்டும். தொடக்கத்தில் சொன்ன காரில் காணாமல்போன 23 குதிரைத்திறன் சுமார் 17 கிலோவாட். தண்ணீர் கொதிக்கவைக்கும் 2 கிலோவாட் மின் கெண்டிகள் எட்டை ஒன்றாகப் போட்டதற்குச் சமம். சோதனை பத்து விநாடி என்பதால் உலோகமும் ஆயிலும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. உண்மையிலேயே 60, 70 கிலோவாட் ஒரு சிறிய கியர்பாக்சிலும் டிஃபரன்ஷியலிலும் தொடர்ந்து இறங்கினால் அவை நிமிடங்களில் ஆயிலைப் புகையவிடும். இழப்பைப் பற்றி யாராவது ஒரு பெரிய எண்ணைச் சொன்னால், "அவ்வளவு வெப்பம் எங்கே?" என்று கேளுங்கள்.

தொலையாமல் தங்கிவிடும் திறன்

"பெரும்பகுதி வெப்பம்" என்று சொன்னேன். மீதி என்ன? இது பலரும் கவனிக்காத பகுதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும்கூட.

பெரிய உருளையைச் சுழற்றி, அது எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கிறது என்பதை வைத்துத் திறனைக் கணக்கிடுவது நிலைம டைனோ. உருளையின் நிலைமம், அதாவது வேகம் மாறுவதை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பது, கணினிக்குத் தெரியும். முடுக்கத்தை அளந்தால் கணக்கு முடிந்தது. ஆனால் வேகம் எடுப்பது உருளை மட்டுமா? ஃபிளைவீல், கியர்கள், தண்டுகள், பிரேக் டிஸ்க்குகள், சக்கரங்கள் எல்லாமே கூடவே வேகம் எடுக்கின்றன. அவற்றைச் சுழற்றுவதற்குச் செலவான ஆற்றல் வெப்பமாகவில்லை, சுழற்சியாக அவற்றுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. உருளைக்கு அது வந்து சேராததால் கணினியின் கண்ணுக்கு அதுவும் இழப்பாகத் தெரிகிறது.

அளவைப் பார்ப்போம். டயரோடு சேர்த்து ஒவ்வொன்றும் 20 கிலோ எடையுள்ள இரண்டு பின்சக்கரங்கள். எடையின் பெரும்பகுதி விளிம்பை ஒட்டி இருக்கிறது. மணிக்கு 72 கி.மீ. வேகத்திலிருந்து 180 கி.மீ. வரை பத்து விநாடிகளில் ஏறினால், அந்த இரு சக்கரங்கள் மட்டும் சுமார் 31 கிலோஜூல் ஆற்றலைத் தமக்குள் சேர்த்துக்கொள்ளும். சராசரியாக 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல்; 4 குதிரைத்திறன். கார் பலமாக இருந்து அதே ஏற்றத்தை ஐந்து விநாடிகளில் முடித்தால் அந்த 4 எட்டாகும். கனமான அலங்காரச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு டைனோவில் ஏறியவர்கள், மாட்டுவதற்கு முன் எடுத்த எண்ணைவிடக் குறைவாகப் பார்த்து என்ஜினைச் சந்தேகிப்பது இதனால்தான். என்ஜின் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

காந்தப்புலத்தால் உருளையைத் தடுத்துப் பிடிக்கும் டைனோக்களும் உண்டு. அவற்றில் காரை ஒரே வேகத்தில் நிறுத்தி அளக்கலாம். வேகம் மாறாதபோது நிலைமத்துக்குச் செலவு கிடையாது, உண்மையான உராய்வு மட்டும் கழியும். இன்னொரு வகையில் சக்கரத்தையே கழற்றிவிட்டு, ஹப்பில் நேராகக் கருவியைப் பொருத்துகிறார்கள். டயரின் இழப்பும் சறுக்கலும் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. ஒரே கார் இந்த மூன்றிலும் ஏறினால் மூன்று எண்கள் வரும். எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வரிசையின் வேறொரு இடத்தில் வேறொரு முறையில் அளக்கிறது.

சில டைனோக்கள் என்ஜின் திறனையே அச்சிட்டுத் தருகின்றனவே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முழுவேகம் எட்டியதும் கிளட்சை மிதித்து, என்ஜினைப் பிரித்துவிட்டு, உருளையையும் சக்கரங்களையும் தாமாகவே ஓடி அடங்க விடுகிறார்கள். எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதை வைத்து இழுவையைக் கணக்கிட்டு, சக்கரத் திறனோடு கூட்டுகிறார்கள். ஊகத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. அடங்கி ஓடும்போது பற்களின்மேல் சுமை கிடையாது. வாளித் தண்ணீர் வகை இழப்பு மட்டுமே இதில் பிடிபடும். உள்ளங்கை வகை இழப்பு பெரும்பாலும் தப்பிவிடும்.

எண்ணை எப்படிப் பயன்படுத்துவது

இத்தனை தடுமாற்றம் உள்ள எண் எதற்கு உதவும்? மிக நன்றாக உதவும். 1999-ல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா 320 குதிரைத்திறன் என்று விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தபோது, எந்த நியாயமான இழப்பைக் கூட்டினாலும் 320 வரவில்லை. புகார்கள் குவிந்தன. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் புகைக்குழாய்ப் பகுதியையும் மாற்றி, என்ஜின் கணினியைத் திருத்திக் கொடுத்தது. 2001-ல் அமெரிக்காவில் மாஸ்டா மியாட்டாவின் 155 குதிரைத்திறன் என்ற எண்ணை மாஸ்டா 142 ஆகத் திருத்தியது. வேண்டாம் என்ற உரிமையாளர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. கையேட்டு எண்ணைக் கேள்வி கேட்கச் சாதாரண உரிமையாளரின் கையில் உள்ள கருவி சக்கர டைனோதான்.

ஆனால் அதன் முழுப் பலம் ஒப்பிடுவதில் இருக்கிறது. ஒரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே டைனோவில், அதே கியரில், அதே டயரில், அதே காற்றழுத்தத்தில் அளந்தால் இழப்பு இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றே. அது கணக்கிலிருந்து தானாக விலகிவிடும். கிடைக்கும் வேறுபாடு என்ஜினுடையது. 127-ஐ 150 ஆக்க எந்தச் சதவீதத்தைப் போடுவது என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சக்கர எண்ணைச் சக்கர எண்ணாகவே எழுதி வையுங்கள்.

வானிலையும் உண்டு. சூடான, மெல்லிய காற்றில் என்ஜினுக்கு ஆக்சிஜன் குறைவு. எனவே டைனோ, அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் அளந்து ஒரு பொதுநிலைக்குத் திருத்திச் சொல்லும். வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த திருத்தம் 25 டிகிரி செல்சியசையும் 99 கிலோபாஸ்கலையும் அடிப்படையாகக் கொண்டது. இன்னும் புழக்கத்தில் உள்ள பழைய எஸ்.டி.டி. திருத்தம் சுமார் 15.6 டிகிரியைக் கொள்கிறது, அதனால் அதே ஓட்டத்துக்குச் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஒரு கடையின் 130-ஐயும் இன்னொரு கடையின் 135-ஐயும் ஒப்பிடும் முன் அச்சுத்தாளின் மூலையில் எந்தத் திருத்தம் என்று பாருங்கள்.

மின்சாரக் காரில் பொதுவாகப் பல கியர்கள் கிடையாது. பெரும்பாலானவற்றில் ஒரே குறைப்பு கியர்பெட்டி, கிளட்ச் இல்லை. மோட்டார் சக்கரத்துக்கு அருகிலேயே இருப்பதால் நீண்ட தண்டும் இல்லை. வாய்க்கால் குட்டையானது, கசிவும் குறைவு. டயரும் பேரிங்கும் மட்டும் அங்கேயும் தங்கள் பங்கைக் கேட்கின்றன.

அன்று அந்தக் காரை அடுத்தடுத்து மூன்று முறை ஓட்டினார்கள். முதல் ஓட்டம் 127, இரண்டாவது 128, மூன்றாவது 129. உரிமையாளர் ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு என்ஜின் பக்கம் திரும்பினார். டைனோவை இயக்கியவர் அவரைக் காரின் பின்னால் கூட்டிப்போய்க் குனியச் சொன்னார். டிஃபரன்ஷியல் உறையிலிருந்து வெப்பம் கைக்கு எட்டும் தூரத்திலேயே முகத்தில் அடித்தது. "ஆயில் இப்போதுதான் இளகியிருக்கிறது" என்றார். பிறகு மூன்று அச்சுத்தாள்களிலும் கியர், டயர் அழுத்தம், ஆயில் சூடா குளிரா என்பதையெல்லாம் பேனாவால் எழுதி அவர் கையில் கொடுத்தார்.